கடல்நீர் பைப்பில் 5 மாதத்தில் ஓட்டை: வெல்டிங் கோளாறா, பாக்டீரியாவா?

கேட்டவர்: வணக்கம். கடல்நீர்க் குளிர்விப்புக்கு 316எல் ஸ்டெயின்லெஸ் பைப், தடிமன் 3 மி.மீ. அழுத்தச் சோதனையைக் கடல்நீரிலேயே முடித்தோம். பம்ப் வரத் தாமதமானதால் தண்ணீரோடு அப்படியே மூடி வைத்துவிட்டோம். 5 மாதம் கழித்து ஓடவிட்டால் வெல்டிங் ஓரமாக 7 இடத்தில் சொட்டுகிறது. வெளியே குண்டூசி முனை அளவுத் துளைதான். அறுத்துப் பார்த்தால் உள்ளே கரையான் தின்ற மாதிரி குடைவு, அழுகின முட்டை நாற்றம். எல்லோரும் வெல்டரைத் திட்டுகிறார்கள். இதையே தடிமன் கூட்டிப் போட்டால் தாங்குமா?

துருப்பிடித்தவன்: தாங்காது. ஓட்டை விழ இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். குடைவுக்குள் கறுப்பாக ஏதாவது இருந்ததா? அறுத்த உடனே பார்க்க வேண்டும், காற்றுப் பட்டால் பழுப்பாகிவிடும்.

கேட்டவர்: இருந்தது. மை மாதிரி, விரலில் ஒட்டியது. துடைத்தால் அடியில் உலோகம் பளபளவென்று இருக்கிறது.

துருப்பிடித்தவன்: அப்போது சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியா மேல் சந்தேகம் பலமாகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது, அதற்குத் தீனிப் பஞ்சமே இல்லை. தேங்கிய நீரில் மற்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்ததும் இது சல்பைடு விட ஆரம்பிக்கும். அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடாக இருக்கலாம். துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நாற்றம் கிளம்பும். திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். அந்த நாற்ற வாயு, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு; மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஆய்வகத்துக்காரி: எல்லாப் பழியும் பாக்டீரியாவுக்கா? 316எல் கடல்நீருக்கே ஏற்றதில்லை, குளோரைடு மட்டுமே குழி பறித்துவிடும். குழியரிப்பைத் தாங்கும் எண் (கூடக் கூட நல்லது) இதற்கு 24, 25 சுற்றி வரும். சூப்பர் டூப்ளெக்ஸ் என்ற உயர்ரக ஸ்டெயின்லெஸுக்கு 40 தாண்டும். நுண்ணுயிர்கள் ஒட்டி வளரும் வழுவழுப்புப் படலம் ஸ்டெயின்லெஸின் மின்னழுத்தத்தையும் உயர்த்திவிடுவதால் குழி இன்னும் சீக்கிரம் விழுகிறது. இரண்டும் கூட்டாளிகள். வெல்டருக்கும் பங்கு உண்டு: வெல்டிங் ஓரத்து நீலப் பழுப்புக் கறையை அமிலப் பசையால் எடுத்தார்களா? அதன் அடியில் குரோமியம் குறைந்திருக்கும்.

கேட்டவர்: எடுக்கவில்லை. சரி, குளோரின் அதிகமாக விட்டால்?

ஆய்வகத்துக்காரி: வேண்டாம். மிதக்கும் பாக்டீரியா சாகும், படலத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் தப்பிக்கும். அளவு மீறினால் குளோரினே ஸ்டெயின்லெஸை அரிக்கும். முதலில் தேய்த்துச் சுத்தம், அப்புறம்தான் மருந்து. 90/10 தாமிர நிக்கலுக்கு (சுமார் 90% தாமிரம், 10% நிக்கல் கலவை) மாறலாம் என்பார்கள். தாமிரம் பாசி, சிப்பிகளை அண்டவிடாது, ஆனால் சல்பைடு கலந்த தேங்கிய நீரில் அதன் பாதுகாப்புப் படலமும் கெடும்.

துருப்பிடித்தவன்: எதைப் போட்டாலும் தண்ணீரை நிற்கவிடாதீர்கள். சோதனை முடிந்ததும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசி, உலர்த்திவிட வேண்டும்.

கேட்டவர்: இப்போது மட்டம் வைத்துப் பார்த்தேன். ஓட்டை விழுந்த 7 இடத்தில் 6 இடம் பைப் தொய்ந்த பகுதியில். வடிகால் வால்வு மேட்டுப் பக்கம் இருக்கிறது!

துருப்பிடித்தவன்: அப்படியென்றால் திறந்தாலும் வடியாது. தொய்ந்த இடத்தில் பைப் தாங்கியை உயர்த்துங்கள், வால்வைப் பள்ளத்துக்கு மாற்றுங்கள். பைப் ஆர்டர் அதற்குப் பிறகு.