கார்பன் ஃபைபர் பேனல்ல ஊசிப் பொத்தல், என்ன தப்பு பண்றேன்?

கேள்வி:
வேக்யூம் இன்ஃப்யூஷன்ல (ஃபைபர் துணியை பிளாஸ்டிக் பேக்ல மூடி, பம்பால காத்தை உறிஞ்சி, ரெசின்ங்கிற இறுகுற திரவத்தை உள்ள இழுக்குற முறை) ஒரு பேனல் போட்டேன், ரெசின் முழுசா ஓடி நனைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, ஆனா மோல்டுல இருந்து எடுத்துப் பாத்தா ஊசி குத்துன மாதிரி மேல பூரா பொத்தல். பேசாம கையால ரெசின் தடவி அடுக்குற ஹேண்ட் லேஅப்புக்கே போயிடவா?

பதில் 1:
அவசரப்படாதீங்க பாஸ். ஹேண்ட் லேஅப்ல ஃபைபர் அளவு 40 சதவீதம் தாண்டுறதே கஷ்டம், இன்ஃப்யூஷன்ல 50-க்கு மேல வரும். பேக்ல லீக் இருக்கும். ரெசின் விடுறதுக்கு முன்னாடி பம்புக்குப் போற லைனை அடைச்சிட்டு பம்பை ஆஃப் பண்ணி 15 நிமிஷம் வேக்யூம் அளவு காட்டுற கேஜைப் பாருங்க, முள்ளு நகர்ந்தா காத்து உள்ள வருது, காதை வச்சா சில சமயம் உஸ்ஸுன்னே கேக்கும்.

பதில் 2:
லீக் இல்லேன்னா ரெசின் கலக்குறப்ப மாட்டுன காத்துதான், கலக்கி தனியா வேக்யூம்ல வச்சு நுரை அடங்குனப்புறம் விடுங்க.

கேட்டவர்:
முள்ளு இறங்குது, லீக் கார்னர்ல, பேக்கை ஒட்டுன டேப் மடிப்புலதான்!