எஃப்1-ல் தடுமாறிய தார்குவினி டூரிங் காரில் நான்கு பட்டம் வென்றது எப்படி?

சிக்கேன்:
இத்தாலிய ஓட்டுநர் கப்ரியேலே தார்குவினியின் கணக்கு இரண்டு தனி ஆட்களுடையது போலிருக்கிறது. எஃப்1-ல் 40 முறை பந்தயத்துக்கே தகுதி பெறாமல் போனவர்; தகுதிச் சுற்றுக்கும் முந்தைய வடிகட்டலான பிரீ-குவாலிஃபையிங்கில் வெளியேறியதில் இவரை மிஞ்சியவர் இல்லை. இன்னொரு பக்கம், சாலைக் காரை மாற்றியமைத்து ஓட்டும் டூரிங் கார் பந்தயத்தில், 1994-ல் ஆல்ஃபா ரோமியோ 155-ல் பிரிட்டிஷ் பட்டம், 2003-ல் 156-ல் ஐரோப்பியப் பட்டம், 2009-ல் சியாட் லியோன் டீசலில் டபிள்யூடிசிசி (உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்), 2018-ல் ஹூண்டாய் ஐ30 என் காரில் டபிள்யூடிசிஆர் (அதன் இடத்தில் வந்த உலகக் கோப்பை). நான்கும் முன்சக்கர டிரைவ் கார்கள், அதாவது எஞ்சின் முன் சக்கரங்களைச் சுழற்றுபவை. பின்சக்கர டிரைவ் ஃபார்முலா காரில் பழகியவர் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

அவுட்லேப்:
முதலில் அந்த 40. அதை வைத்து ஆளை எடை போடுவது அநியாயம். 1989 முதல் பிரீ-குவாலிஃபையிங் வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேர செஷனாக இருந்தது. முதல் நான்கு கார்கள்தான் தகுதிச் சுற்றுக்குப் போகும், மற்றவர்கள் அன்றே மூட்டை கட்டவேண்டியதுதான். இவருக்குக் கிடைத்ததெல்லாம் கொலோனி, ஏஜிஎஸ் மாதிரி பணமில்லாத அணிகள். 1989 மெக்ஸிகோவில் ஏஜிஎஸ்ஸை ஆறாவதாகக் கொண்டுவந்து ஒரு புள்ளி எடுத்தார். அப்படியும் அந்த சீசனின் பின்பாதியில் அணி பிரீ-குவாலிஃபையிங்குக்குத் தள்ளப்பட்டது.

இடதுகால்:
மாற்றம் கைகால் இரண்டிலும் வேண்டும். முன்சக்கர டிரைவில் திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன் டயர் தலையில். வளைவு நடுவில் கார் வெளியே தள்ளினால் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்கத்தான் கை போகும். ஒடித்தால் டயர் இன்னும் தேய்ந்து சூடேறும். நாலைந்து சுற்றில் முன்பக்கம் செத்துவிடும். அங்கே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

காரைத் திருப்பும் வேலையை வளைவுக்குள் நுழையும்போதே பிரேக்கால் முடித்துவிட வேண்டும். பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே உள்ளே போனால் எடை முன்னால் நிற்கும், பின்பக்கம் லேசாக வழுக்கிக் காரைத் திருப்பும். பிறகு சக்கரம் நேரானதும்தான் முழு த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்). அவசரப்பட்டு மிதித்தால் உள்பக்க முன்சக்கரம் சுழன்று அந்த வேகம் ஸ்ட்ரெய்ட்டில் திரும்பி வராது.

அதிகம் பேர் ஏமாறுவது முதல் சுற்றில். பின் டயருக்கு இழுக்கும் வேலை இல்லாததால் அது சீக்கிரம் சூடாகாது. பந்தயத்துக்கு முந்தைய ஃபார்மேஷன் சுற்றில் பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் பிரியும் விகிதத்தை) பின்னுக்குத் தள்ளி, த்ராட்டிலை விடாமல் இடது காலால் பிரேக்கை இழுத்துப் பிடித்துச் சூடேற்றுவார்கள். கிரிட்டுக்கு (தொடக்க வரிசைக்கு) வரும் முன் பயஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் முதல் பிரேக்கிங்கிலேயே கார் சுழன்றுவிடும்.

2009 சியாட் டீசல் இன்னொரு ரகம். டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை) கொட்டும், ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) எல்லை குறுகல். குறைந்த கியரில் முரட்டுத்தனமாக மிதித்தால் முன் டயர் உடனே பலி. பொறுமையான வலது கால் இருப்பவருக்கே அது ஒத்துழைக்கும்.

கிரிட்8:
ஓட்டும் திறமைக்குச் சமமாகப் புள்ளிக் கணக்கையும் சொல்ல வேண்டும். 2003-ல் யோர்க் முல்லரை வென்றது ஒரே புள்ளியில் (107–106). 2009-ல் இவான் முல்லரை நான்கு புள்ளியில் (127–123), 2018-ல் அதே இவானை மூன்றே புள்ளியில் (306–303). 2009-ல் ஒவ்வொரு ரவுண்டிலும் இரண்டு பந்தயம்; முதல் பந்தயத்தின் முதல் எட்டு இடங்களைத் தலைகீழாக்கி இரண்டாவதன் கிரிட் போடுவார்கள். ஏழாவது இடத்துக்கு முட்டி மோதிக் காரைக் கெடுப்பதைவிட எட்டாவதாக முடித்து அடுத்ததில் போலில் (முதல் இடத்தில்) நிற்பது லாபம். டபிள்யூடிசிஆரிலோ வேகமான கார் மாடலுக்கு 60 கிலோ வரை கூடுதல் எடை ஏற்றினார்கள். கனத்த காரோடும் ஒவ்வொரு ரவுண்டிலும் புள்ளி சேர்ப்பவர்தான் கடைசியில் நிற்பார். என் பார்வையில் தார்குவினியின் உண்மையான பலம் இதுதான்.

சிக்கேன்:
1994-ல் மட்டும் ஆல்ஃபாவின் இறக்கைதான் (காரைத் தரையோடு அழுத்தும் பின்பக்கப் பலகை) காரணம் என்கிறார்களே?

கிரிட்8:
பாதி சரி. 2,500 சாலைக் கார்கள் விற்று ஹோமலோகேஷன் (பந்தயத்தில் ஓட்ட அனுமதி) வாங்கியிருந்தார்கள், இறக்கையின் நீட்டிப்புப் பாகங்களை அந்தக் கார்களோடு கொடுத்தார்கள். மற்ற அணிகள் புகார் செய்தன. ஓல்டன் பார்க் பந்தயத்தில் இறக்கையைப் பழைய நிலைக்கு இறக்கச் சொன்னதும் ஆல்ஃபா அங்கிருந்தே வெளியேறியது. அப்புறம் திரும்பி வந்து, சின்ன இறக்கையோடும் ஓடித்தான் தார்குவினி பட்டத்தை முடித்தார்.

இடதுகால்:
ஆன்போர்டு வீடியோ (காருக்குள்ளிருந்து எடுத்தது) கிடைத்தால் வளைவு முடிவில் தார்குவினியின் கையை மட்டும் பாருங்கள், ஸ்டியரிங்கை எவ்வளவு சீக்கிரம் நேராக்குகிறார் என்று.