மேலுதட்டு முடிக்கு என்ன செய்வது

குழு: சுங்கை சிப்புட் சொந்தங்கள் (பெண்கள் மட்டும்)
வியாழன் இரவு

வாணி: எல்லாரும் பசியாறியாச்சா? ஒன்று கேட்கணும், யாரும் சிரிக்கக் கூடாது. வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறுதானே சின்னண்ணன் நிச்சயதார்த்தம். எனக்கு மேலுதட்டிலும் தாடையிலும் முடி நன்றாகவே தெரிகிறது. சேலூனுக்குப் போகப் பயம். போன தடவை ஒரு இடத்தில் வேக்ஸ் போட்டு இழுத்ததும் தோலும் கூடவே வந்துவிட்டது, அது காய்ந்து கறுத்து, கறை மறைய மாதக்கணக்கில் ஆனது. என் தோல் எதைத் தடவினாலும் சிவந்துவிடும். வீட்டிலேயே செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

பெரியம்மா: கஸ்தூரி மஞ்சளும் பயற்றம் மாவும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து எடு. நாங்கள் பால்மரம் வெட்டிய காலத்தில் சேலூனா இருந்தது?

ரதி அண்ணி: முடி எடுக்கிற நூல் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை வா, அஞ்சு நிமிஷ வேலை.

சின்னத்தை: 🌹 இரவு வணக்கம்

கலா அக்கா: நூல் இருக்கட்டும் அண்ணி. வாணி, பருவுக்கு இப்போது ஏதாவது போடுகிறாயா?

வாணி: ஈப்போவில் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த ஜெல், தினமும் இரவில். டியூபில் அடப்பலீன் என்று இருக்கிறது.

கலா அக்கா: வேக்ஸ் போட்டபோதும் அதே ஜெல்லா?

வாணி: ஆமாம். அங்கே யாரும் கேட்கவே இல்லையே.

கலா அக்கா: கேட்டிருக்க வேண்டும். மருந்துக் கடையில் நான் தினமும் பார்ப்பது இதுதான், எல்லாரும் எந்த முறை நல்லது என்று கேட்கிறார்கள், அந்த வாரம் முகத்தில் என்ன தடவினோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அடப்பலீன், ட்ரெட்டினாயின், கடையில் கிடைக்கும் ரெட்டினால் சீரம் எல்லாம் ஒரே குடும்பம். மேல் தோல் சீக்கிரம் உரிந்து புதுத்தோல் வர வைக்கும், அதனால் மேற்புறம் மெலிசாக, இளசாக இருக்கும். அதன்மேல் பசையை ஒட்டி இழுத்தால் முடியோடு தோலும் வராமல் என்ன செய்யும்? நூல் போட்டாலும் உரச உரச அதே கதைதான். உன் தோலே மோசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், பாதிக் குற்றம் அந்த ஜெல் மேல். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதமாவது போகும் வரை வேக்ஸ் பக்கமே போகக் கூடாது.

ரதி அண்ணி: அப்படியென்றால் நான் நூல் போடவில்லை லா. அப்புறம் என்னைத்தான் சொல்வீர்கள்.

கலா அக்கா: மற்றவர்களுக்குப் போடலாம் அண்ணி, ஆளுக்கு ஒரு புது நூல், கையையும் கழுவிக்கொள்ளுங்கள். நூலை வாயில் கடித்துக்கொண்டு மட்டும் போடாதீர்கள். மரு, கிருமி எல்லாம் அப்படித்தான் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவருக்குப் போகிறது.

வாணி: அப்போ நான் என்ன செய்யட்டும்? சர்க்கரைப் பாகில் லிமாவ், அதான் எலுமிச்சை, பிழிந்து செய்கிற வேக்ஸ் ஒன்று யூடியூப்பில் பார்த்தேன். இயற்கைதானே?

கலா அக்கா: அதுவும் இழுக்கிற வேலைதான், உனக்கு வேண்டாம். அதில் லிமாவ் வேறு இருக்கிறது. அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி கொப்புளம் போட்டுக் கறுத்துவிடும், நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். உனக்கு இழுக்காத வழிதான் சரி. பெண்கள் முகத்துக்கு, புருவத்துக்கு என்று சின்ன ரேசர் விற்கிறார்கள், அது போதும்.

பெரியம்மா: கத்தி வைத்தால் மீசையே முளைத்துவிடும்! பொம்பளைப் பிள்ளைக்குச் சொல்கிற யோசனையா இது?

கலா அக்கா: பெரியம்மா, இதை 1928லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மில்ட்ரெட் ட்ராட்டர் என்று அமெரிக்காவில் ஒரு உடற்கூறு ஆராய்ச்சியாளர், சவரம் செய்த முடியை எடுத்து அளந்து பார்த்தார். தடிமனும் கூடவில்லை, வளரும் வேகமும் கூடவில்லை, நிறமும் மாறவில்லை. முடியின் வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, மேலே வெட்டியது அதற்கு எப்படித் தெரியும்?

ரதி அண்ணி: ஆனால் தடவினால் முள்ளாகத்தானே இருக்கிறது.

கலா அக்கா: லாலான் புல் மாதிரிதான் அண்ணி. தானாக வளர்ந்த புல் நுனி கூராக, வளைந்து கொடுக்கும். பாராங் கத்தியால் வீசிவிட்டு அதன்மேல் காலை வைத்தால் குத்தும். புல் தடித்ததாலா? நுனி மொட்டையானதால்.

சின்னத்தை: வீட்டில் ஹேர் ரிமூவர் கிரீம் இருக்கிறது, கை காலுக்குப் போடுவது. வாணிக்குக் கொடுத்துவிடட்டுமா?

கலா அக்கா: ஐயோ வேண்டாம் அத்தை. அதில் இருப்பது தயோகிளைகோலேட், நல்ல காரம், பிஎச் 12 பக்கம் வரும். முடியில் இருக்கும் கெராட்டினின் கட்டை உடைத்துக் கூழாக்குவதுதான் அதன் வேலை. தோலிலும் அதே கெராட்டின் இருக்கிறது. அதனால்தான் நிமிடக் கணக்கு போட்டிருக்கிறார்கள், கூட ரெண்டு நிமிஷம் இருந்தால் நன்றாகப் போகும் என்று விட்டால் எரித்துவிடும். முகத்துக்கு என்று எழுதியிருப்பது தனி, அதையும் தாடை ஓரத்தில் துளி வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். ஜெல் போடுகிற தோலுக்கு இரண்டுமே வேண்டாம்.

கலா அக்கா: அப்புறம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பெயர் ஊர் இல்லாத டப்பாவில் விற்பதை யாரும் வாங்காதீர்கள். இங்கே மலேசியாவில் விற்கும் அழகுப் பொருளுக்கு அறிவிப்பு எண் உண்டு, ஆங்கிலத்தில் 'நோட்' (NOT) என்று தொடங்கிக் 'கே' என்று முடியும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த முகக் கிரீம்களை அவர்கள் பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு கிரீமைத் தொடர்ந்து பூசினால் முகத்தில் முடி கூடக்கூட வரும், அது வேறு கூத்து.

வாணி: ரேசர் எப்படிப் போடுவது, கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் அக்கா, கை நடுங்கும் எனக்கு.

கலா அக்கா: ஜெல்லை இன்றிரவே நிறுத்து. அடுத்த வியாழன் இரவு செய்யலாம், நிச்சயத்துக்கு இரண்டு நாள் இடைவெளி இருக்கும், லேசாகச் சிவந்தாலும் அடங்கிவிடும். அன்று காலையில் அவசர அவசரமாகச் செய்கிறவர்களுக்குத்தான் மேக்கப் எரிகிறது. முகத்தை வாசனை இல்லாத சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு கற்றாழை ஜெல்லோ மாய்ஸ்சரைசரோ மெலிசாகத் தடவு, காய்ந்த தோலில் கத்தி வைக்காதே. நாக்கை மேலுதட்டுக்குப் பின்னால் வைத்து உள்ளிருந்து தள்ளு, தோல் விறைப்பாக நிற்கும், கத்தி சிக்காது. முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, மூக்கடியிலிருந்து உதட்டுக்கு, சின்னச் சின்னதாக இறக்கு. அழுத்தாதே, கத்தியைச் சாய்த்துப் பிடி. ஒரே இடத்தில் நாலு தடவை போகாதே. பரு இருக்கிற இடத்தை விட்டுவிடு, அங்கே முடி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கலா அக்கா: முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, வாஸ்லின் கொஞ்சம். டோனர், ஸ்க்ரப், வாசனைக் கிரீம், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஜெல்லை நிச்சயம் முடிந்து எரிச்சல் இல்லை என்று பார்த்துவிட்டுத் தொடங்கு. வெளியே போனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடு, நம் நிறத்துக்கு எரிச்சலைவிட அதற்குப் பின்னால் வரும் கறைதான் பெரிய தொல்லை. அந்த ரேசரை யாருக்கும் கொடுக்காதே, உன் அக்காவுக்கும்தான்.

பெரியம்மா: மஞ்சளையுமா தள்ளுகிறாய்?

கலா அக்கா: தள்ளவில்லை பெரியம்மா, உங்கள் தோலுக்கு ஒத்துக்கொண்டது. மஞ்சளும் சிலருக்கு அலர்ஜி ஆகும், அதோடு காய்ந்த மாவைத் தேய்த்து எடுப்பது இவள் முகத்துக்கு உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

திவ்யா: அக்கா, ஷாப்பியில் வெளிச்சம் அடித்து முடி எடுக்கிற ஐபிஎல் மெஷின் விலை குறைத்திருக்கிறார்கள், நானும் வாணியும் பாதிப் பாதி போட்டு வாங்கலாமா? ஒரேயடியாகப் போய்விடும் என்கிறார்கள்.

கலா அக்கா: முதலில் பெட்டியில் இருக்கும் தோல் நிற அட்டையைப் பார். அந்த வெளிச்சம் கறுப்பு நிறத்தைத் தேடிப் போய்ச் சூடேற்றும், முடி கறுப்பு, நம் தோலும் கறுப்பு, பிறகு எதைச் சுடும்? கருந்தோலுக்கு மருத்துவரிடம் 1064 நானோமீட்டர் என்டியாக் லேசர்தான் கொஞ்சம் பத்திரம். அதிலும் தெற்காசியப் பெண்களுக்கு முகத்துப் பூனைமுடியில் அடித்தால் சில சமயம் முடி இன்னும் அதிகமாக வளர்ந்துவிடும். காசு கொடுத்து முடி வளர்ப்பானேன்.

திவ்யா: 😂 சரி. எனக்கு உதட்டில் இல்லை, தாடைக்கு அடியில். கறுப்பாக, தடியாக, பிடுங்கப் பிடுங்க வருகிறது.

கலா அக்கா: பீரியட் சரியாக வருகிறதா?

திவ்யா: இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகும்.

கலா அக்கா: அப்படியென்றால் இது ரேசர் விஷயம் இல்லைமா. தாடையில் தடித்த முடி, தள்ளிப் போகிற பீரியட், கூடவே பருவும் இருந்தால் பிசிஓஎஸ்ஸா, அதாவது சினைப்பை சம்பந்தமான ஹார்மோன் கோளாறா என்று பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்கள். முடியை எடுக்காமல் டாக்டரிடம் காட்டு. வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு போகாதே. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று இங்கே யாராவது சொல்ல வந்தால் என்னிடம் பேசச் சொல்.

பெரியம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லையே!

ரதி அண்ணி: திவ்யா, செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, காடியில் கூட்டிப் போகிறேன். காலையிலேயே நம்பர் எடுத்துவிடலாம்.

திவ்யா: சரி அண்ணி. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வாணி: நன்றி அக்கா. ரேசர் நாளைக்கு வாங்கிவிடுகிறேன்.

ரதி அண்ணி: வாணி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முறுக்கு சுட ஆள் வேண்டும்.

கலா அக்கா: முதல் நாள் இரவுதானே கத்தி போட்டிருப்பாள் அண்ணி, எண்ணெய்ச் சட்டி முன்னால் நிறுத்தாதீர்கள், சூடும் வேர்வையும் பட்டால் எரியும். மாவு பிசையச் சொல்லுங்கள்.

ரதி அண்ணி: அப்போ சட்டி முன்னால் நீ நில்.