ஒரு வார்த்தையால் திங்கட்கிழமை எச்ஆர் கூட்டம், என்ன செய்வது?

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அலுவலகத்தில் ஒரு வார்த்தையால் பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. இனவெறிச் சொல்லாம். ஊரில் எல்லோரும் பேச்சுவாக்கில் சொல்வதுதான். திங்கட்கிழமை எச்ஆர் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. மனைவி அடுத்த மாதம் வருவதற்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. இதே மாதிரி வேறு சொற்களைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறார்கள், ஒன்றிரண்டுக்கு மட்டும் ஏன் இப்படி? யாராவது சொல்லுங்கள்.

பெற்றோல் செட் அண்ணன்:
தம்பி, பயப்படாமல் போங்கள். தலைகுனிய வேண்டியது சொன்னவன், நீங்கள் இல்லை. நான் 84-இல் லண்டன் வந்தபோது எச்ஆரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெற்றோல் செட்டில் இரவு வேலை. சனிக்கிழமை பப் மூடியதும் வருவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், போகும்போது கண்ணாடியில் துப்பிவிட்டுப் போவார்கள். அதைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுக்க வேண்டும். இப்போது முறைப்பாடு செய்ய ஓர் இடம் இருக்கிறது. விடாதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க் வாசி:
எந்த நாடு என்று சொல்லவே இல்லையே? அது தெரியாமல் இதற்குப் பதிலே கிடையாது. நான் இங்கே வந்த முதல் மாதம், பெட்டிகளை மாற்ற ஆள் வேண்டும் என்று கூட்டத்தில் ‘கூலி ஆட்களைக் கூப்பிடலாம்’ என்றேன், ஆங்கிலத்தில். எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் இந்திய வம்சாவளி. 1860-இல் மதராசிலிருந்து டர்பனுக்கு வந்த முதல் ஒப்பந்தக் கப்பலிலிருந்து அவர் முன்னோர் கணக்கு தொடங்குகிறது. நமக்குக் கூலி என்றால் உழைத்ததற்குக் கிடைக்கும் காசு. அவருக்கு அது நாலு தலைமுறையாக மூஞ்சியில் எறிந்த பெயர். வக்கீலாக வந்த காந்தியையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல் தமிழிலிருந்து போனதா, குஜராத்தின் ‘கோலி’ என்ற சமூகப் பெயரிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையை நான் மேலாளரிடம் ஆரம்பித்தேன் பாருங்கள், அதுதான் என் இரண்டாவது தப்பு.

இங்கே ஆங்கில ‘கே’ எழுத்தில் தொடங்கும் இன்னொரு சொல் உண்டு. அரபியில் ‘நம்பிக்கை இல்லாதவன்’ என்றுதான் பொருள். நிறவெறி ஆட்சியில் கறுப்பர்களை அப்படித்தான் அழைத்தார்கள். 2018-இல் கறுப்பினப் போலீஸ்காரர்களை அந்தச் சொல்லால் திரும்பத் திரும்பத் திட்டிய ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே விதித்தார்கள்.

பெற்றோல் செட் அண்ணன்:
அதே சொல்தான் இலங்கையில் ஒரு சின்னச் சமூகத்தின் பெயர். புத்தளம் பக்கம் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க வழி வந்தவர்கள். தங்களை அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். தமிழில் நாங்கள் காப்பிலி என்போம். ஆனால் இங்கே எங்கள் ஆட்கள் பஸ்ஸில் ஒரு கறுப்பரைப் பார்த்து அதே காப்பிலியைச் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசும். தமிழ் அவருக்கு விளங்காது என்று ஒரு தைரியம்.

பினாங்கு மாமி:
எங்கள் பக்கம் ‘கெலிங்’. கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள், பழைய மலாய் ஏடுகளில் மரியாதையாகவே வருகிறது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதே பெயரோடு நிற்கிறது, யாரும் பலகையைக் கழற்றச் சொல்வதில்லை. அதையே சாலையில் காரை நிறுத்தி ஒருவன் சொல்லட்டும், அடிதடிதான். வந்த புதிதில் வீடு தேடி அலைந்தபோது தொலைபேசியிலேயே இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். அந்தச் சொல்லைச் சொல்லாமலே சொன்னார்கள். அது இன்னும் வலித்தது.

புதுவரவு:
மன்னிக்கவும், நான் சரியாக எழுதவில்லை. யாரும் என்னைச் சொல்லவில்லை. சொன்னது நான்.

ஜோகன்னஸ்பர்க் வாசி:
அடடா.

யூனியன் அக்கா:
என்ன சொல், யாரிடம், எந்த நாட்டில், எழுத்திலா வாயாலா? இந்த நாலையும் சொன்னால்தான் உதவ முடியும்.

புதுவரவு:
பிரிட்டன், அக்கா. டீம் குரூப்பில் கிரிக்கெட் பேச்சு. ‘ஆஸி பவுலிங்கை விட பாக்கி பவுலிங் மேல்’ என்று எழுதினேன். பாராட்டித்தான் எழுதினேன்! ஆஸி என்றதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிவி என்று நியூசிலாந்துக்காரரைக் கூப்பிட்டால் அவரே சிரிக்கிறார். இதுவும் ஒரு நாட்டின் பெயரைச் சுருக்கியதுதானே? டீமில் ஒருவர் பிராட்ஃபோர்டில் பிறந்தவர், பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். அவர் எதுவும் பேசாமல் குரூப்பை விட்டு வெளியே போய்விட்டார்.

பினாங்கு மாமி:
தமிழில் பாக்கி என்றால் மீதி. அதனால்தான் நமக்கு உறைப்பதே இல்லை போலிருக்கிறது.

பெற்றோல் செட் அண்ணன்:
தம்பி, என் கண்ணாடியில் துப்பியவர்கள் சொன்னது இந்தச் சொல்தான். நான் யாழ்ப்பாணத்தான். என்னிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. பழுப்பு நிறத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே பெயர். அறுபதுகளின் கடைசியிலிருந்தே நம்மைத் தெருவில் பிடித்து அடிப்பதற்கு இந்தச் சொல்லோடு ‘பாஷிங்’ என்று சேர்த்து ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஏதோ விளையாட்டு மாதிரி. 1978 மே 4-ஆம் தேதி வைட்சாப்பலில் அல்தாப் அலி என்ற தையல் தொழிலாளியைக் கொன்றார்கள். அவர் வங்காளதேசத்துக்காரர், பாகிஸ்தானி இல்லை. அந்தப் பூங்காவுக்கு இப்போது அவர் பெயர். ஆஸி என்று சொல்லிக்கொண்டே யாரையாவது துரத்தி அடித்திருக்கிறார்களா? சுருக்கம் ஒன்றுதான், கூட வருவது வேறு.

சிங்களத்தில் ‘தெமளா’ என்றால் தமிழர் என்றுதான் அர்த்தம். அகராதியில் ஒரு குற்றமும் இல்லை. அதற்கு முன்னால் ‘பற’ என்று ஓர் இழிசொல்லைச் சேர்த்து வாசலில் நின்று கத்துவார்கள். 83 கலவரத்தில் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டவர்களிடம் போய், இது வெறும் சொல்தானே என்று சொல்லிப் பாருங்கள்.

ஸ்லவ் பொறியாளர்:
எல்லாம் சரி, ஆனால் இங்கே கொஞ்சம் ஓவர்தான். என் பெயரை ஏழு வருடமாகக் கொத்துப் பரோட்டா போடுகிறார்கள், அது யாருக்கும் புண்படவில்லை. அவர்களுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்ளலாமாம், நாம் சொன்னால் எச்ஆராம். வெள்ளைக்காரனை ‘கோரா’ என்கிறோம், அவன் கண்டுகொள்வதே இல்லை. இதில் என்ன நியாயம்?

ஜோகன்னஸ்பர்க் வாசி:
கோரா என்று சொல்லி அவனுக்கு யாரும் வீடு மறுக்கவில்லை, வேலை மறுக்கவில்லை, அவன் கண்டுகொள்ள என்ன இருக்கிறது? ‘அவர்களுக்குள் சொல்லலாமா’ என்பதற்கு வெளியூர் உதாரணம் எதற்கு? 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொன்ன பெயரை எடுத்துத் தலைப்பிலேயே போட்டார். அதைக் காட்டி நானோ நீங்களோ தெருவில் ஒருவரை அப்படிக் கூப்பிட முடியுமா? வன்கொடுமைச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். அதே சொல்தான் ஆங்கிலத்தில் ‘பரையா’ ஆகி, ஒதுக்கிவைத்த நாடுகளுக்கு அடைமொழியாகப் பத்திரிகைகளில் தினமும் வருகிறது. எழுதுகிறவருக்கு ஒன்றும் உறைப்பதில்லை. தம்பி எழுதியதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஸ்லவ் பொறியாளர்:
சரி சரி, அது நியாயம்தான். ஆனாலும் எச்ஆர் கம்பெனிக்காகத்தான் வேலை செய்யும், நமக்காக இல்லை. நான் இருந்தால் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே ராஜினாமா கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். அதற்கு மனசில்லை என்றால் எதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பினாங்கு மாமி:
ஐயோ வேண்டாம். இன்றைக்கே அந்தப் பையனுக்குத் தனியாக நீளமாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள். மனுஷன்தானே, இறங்கி வருவார்.

யூனியன் அக்கா:
இரண்டும் வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் யூனியன் பிரதிநிதியாக இந்த மாதிரிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ராஜினாமா பேச்சே கூடாது. ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவில்தான் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன் (அதையும் நீங்கள் சொல்லவில்லை). வேலையை அவர்கள் எடுத்தாலும் நீங்கள் விட்டாலும், நிறுவனம் 10 வேலைநாளுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் உள்துறையிடமிருந்து கடிதம் வந்ததும் வழக்கமாக 60 நாள் தருவார்கள், அதற்குள் புது ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு நிறுவனம், பிடிக்க வேண்டும். மனைவி வரும் நேரத்தில் அந்தக் கடிகாரத்தை நீங்களே ஏன் ஓடவிட வேண்டும்?

புகார் பதிவான பிறகு அவருக்குத் தனியாக எதுவும் அனுப்பாதீர்கள். நல்ல மனதோடு அனுப்பினாலும் அழுத்தம் கொடுத்ததாகத் தெரியும். மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன், எப்படி என்று நீங்களே சொல்லுங்கள் என்று எச்ஆரிடம் கேளுங்கள். குரூப்பில் எழுதியதை அழிக்கவும் வேண்டாம், அவர்களிடம் ஏற்கனவே இருக்கும். எழுத்தில் இருப்பதை மறுப்பதும் வீண்.

மின்னஞ்சலை நன்றாகப் படியுங்கள். விசாரணைக் கூட்டமா, ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டமா? இரண்டாவது என்றால் சக ஊழியரையோ யூனியன் பிரதிநிதியையோ கூட அழைத்துப் போகச் சட்டப்படி உரிமை உண்டு. வெறும் விசாரணைக்கு அந்த உரிமை இல்லை, ஆனால் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் விடுவார்கள்.

உள்ளே போய் ஆஸி கதையை மட்டும் எடுக்காதீர்கள். ‘நான் பாராட்டித்தான் சொன்னேன்’ என்பதிலும் தொங்கிக்கொண்டிருக்காதீர்கள். 2010 சமத்துவச் சட்டத்தில் துன்புறுத்தல் என்பதற்கு நோக்கம் மட்டும் அளவுகோல் இல்லை, விளைவும் உண்டு. கேட்டவருக்கு எப்படி இருந்தது, அப்படி உணர்ந்தது நியாயமா, சூழ்நிலை என்ன என்றெல்லாம் பார்ப்பார்கள். நோக்கம் இல்லை என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், நடந்ததை இல்லாமல் ஆக்காது. இந்த நாட்டில் டிவி, ரேடியோவைக் கண்காணிக்கும் ஆஃப்காம் மக்களிடமே கேட்டு எந்தச் சொல் லேசானது, எது கடுமையானது என்று பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் சொல் கடுமையான பக்கத்தில்தான் இருக்கிறது. ‘இந்தச் சொல்லுக்கு இங்கே இருக்கும் சரித்திரம் எனக்குத் தெரியாது, இப்போது தெரியும், எழுதியது தவறு’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ‘புண்பட்டிருந்தால்’ என்று இழுக்காதீர்கள், அவர் புண்பட்டுத்தான் வெளியே போனார்.

பெற்றோல் செட் அண்ணன்:
அக்கா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. முதலில் எழுதியதில் உங்களைத் தவறாக விளங்கிக்கொண்டேன். கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தூங்குங்கள்.

புதுவரவு:
மன்னித்துவிடுங்கள் அண்ணா. அந்த விசாதான், அக்கா. மின்னஞ்சலில் ‘விசாரணை’ என்றுதான் இருக்கிறது. இன்றைக்கே ஒரு யூனியனில் சேர்ந்தால் திங்கட்கிழமை கூட வருவார்களா?

யூனியன் அக்கா:
சேருவதற்கு முன்னால் தொடங்கிய பிரச்சினைக்குப் பெரும்பாலும் வர மாட்டார்கள். அடுத்ததற்கு ஆகும், சேர்ந்துவையுங்கள். இப்போதைக்கு ஏகாஸ் உதவி எண் இருக்கிறது, வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு, ஆலோசனை இலவசம். வார நாட்களில் காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு? அதையும் சொல்லவில்லை.

புதுவரவு:
பதினொன்றுக்கு.

யூனியன் அக்கா:
அப்படியானால் எட்டு மணிக்கே கூப்பிட்டுவிடுங்கள். வரிசை நீளும்.