புதுப்பிப்பு: எதையும் கீழே போட்டுப் பார்க்கும் மகள்

பதினைந்து மாத மகள் கையில் கிடைப்பதையெல்லாம் கீழே போடுகிறாளே, கண்டிக்க வேண்டுமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

அது சேட்டையன்று, சோதனை என்று ஒருவர் எழுதியது சரியே. ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் குழந்தைகள் ஒரே செயலை மாற்றி மாற்றிச் செய்து விளைவைக் கவனிப்பதை, சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) தம் பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கியே பதிவுசெய்தார்.

கண்ணாடிச் சாமான்களையும் கத்தியையும் மேலே ஏற்றிவிட்டு, அடுக்களையின் கீழ்த்தட்டை அவளுக்கே விட்டுவிட்டோம். நேற்று எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டவள், ‘ணங்’ என்ற ஒலி அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு அதையே பாயின்மேல் போட்டு, சத்தம் வராதது கண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கீழ்வீட்டுக்காரர்களை முன்னிட்டு, மதியத்தில் மட்டும் பாய்தான்.

நிலக்கடலையைப் பொறுக்கப் பழக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். பட்டன் பேட்டரி இன்னும் ஆபத்தானது: விழுங்கி உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்திற்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும் என்பதால், சிறிய ரிமோட்டின் மூடியை டேப் சுற்றி உயரத்தில் வைத்திருக்கிறோம்.

சோற்றைத் தட்டோடு கவிழ்ப்பது மட்டும் நிற்கவில்லை. தட்டில் ஒரு பிடி மட்டும் வைத்து, அது தீர்ந்தபின் அடுத்த பிடி வைப்பது தற்போதைக்குக் கைகொடுக்கிறது.