3.2 என்று வாங்கிய ப்ராசஸர் 1.6 காட்டுகிறது. பவர் சேவிங்கை அணைக்கலாமா?

அம்மாபேட்டைத் தறி:
பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டு, ஜாக்கார்டு கார்டு (தறிக்கு டிசைனைச் சொல்லும் துளை அட்டை) அடிக்கக் கொடுப்பது என் தொழில். போன வாரம் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். கோர் ஐ5-3470, 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, ப்ராசஸரின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 1596 மெகாஹெர்ட்ஸ். சரிபாதி! கடையில் கேட்டால் "அது அப்படித்தான் காட்டும்" என்கிறார்கள். பெரிய முந்தானை டிசைனை மாற்றும்போது மெஷின் தவழ்கிறது. ஏமாந்துவிட்டேனா?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
ஏமாறவில்லை தம்பி. அதே திரையில் மல்ட்டிப்ளையர் 16 என்று இருக்கும், பாருங்கள். அடிப்படை கிளாக் 99.8 மெகாஹெர்ட்ஸ், அதை 16-ஆல் பெருக்கினால் உங்கள் 1596. வேலை வந்ததும் மல்ட்டிப்ளையர் 32-க்கு மேலே ஏறும். இதற்கு ஸ்பீட்ஸ்டெப் என்று பெயர். 2000-ல் லேப்டாப்புக்கான பென்டியம் 3-ல் இன்டெல் கொண்டுவந்தது, பிறகு டெஸ்க்டாப்புக்கும் வந்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டியில் இதற்குப் பெயர் கூல் அண்ட் கொயட். வேகத்தோடு வோல்டேஜும் இறங்குகிறது என்பதுதான் இதில் முக்கியம். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே சூடு நன்றாகக் குறையும். அதை அணைக்காதீர்கள்.

சேர்வராயன் ஒலி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏற்காட்டில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்கிறேன். ஒருவர் உருகிப் பாடி முடித்த டேக்கைக் கேட்டால் நடுவில் "டிக்" என்று ஒரு சத்தம். மைக் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், போகவில்லை. கடைசியில் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) போய் ஸ்பீட்ஸ்டெப், சும்மா இருக்கும் ப்ராசஸரைத் தூங்கவைக்கும் சி1இ, சி-ஸ்டேட் எல்லாவற்றையும் அணைத்தேன். அன்றோடு நின்றது. ப்ராசஸர் தூங்கி எழுந்து வேகம் பிடிப்பதற்குள் ஒலியைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் பஃபர் காலியாகிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய 3.2 எப்போதும் 3.2-ஆக இருக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
உங்கள் டிக் சத்தம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தறித் தம்பிக்கு அதே மருந்தைக் கொடுக்காதீர்கள். இந்த 3470-க்கு டர்போ, அதாவது வேலைக்கேற்பத் தானாக எடுக்கும் கூடுதல் வேகம், 3.6 வரை உண்டு: உள்ளே இருக்கும் நான்கு கோர்களில் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஒன்றிரண்டு மட்டும் வேலை செய்தால் 3.6, நான்கும் ஓடினால் 3.4. மற்ற கோர்கள் ஆழ்ந்து தூங்கினால்தான் ஒரு கோருக்கு அந்த உச்சம் கிடைக்கும். சி-ஸ்டேட்டை அணைத்தால் நான்கும் விழித்திருப்பதாகக் கணக்காகி 3.4-லேயே நின்றுவிடும். அந்தத் தலைமுறை போர்டுகள் பலவற்றில் ஸ்பீட்ஸ்டெப்பை அணைத்தால் டர்போவே போய்விடும். வேகம் வேண்டும் என்று அணைத்து, வேகத்தையே இழப்பீர்கள்.

சேர்வராயன் ஒலி:
டர்போ போனால் போகட்டும். எனக்கு உச்சம் வேண்டாம், நிலையாக ஓடினால் போதும். விண்டோஸ் "வேலை வந்திருக்கிறது" என்று உணர்ந்து வேகத்தைக் கூட்டச் சில பத்து மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது. 2015-ல் இன்டெலின் ஸ்கைலேக் ப்ராசஸர்களில் ஸ்பீட் ஷிஃப்ட் வந்து, அந்த முடிவை ப்ராசஸரே எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தாமதம் நன்றாகக் குறைந்தது. தம்பியிடம் இருப்பது 2012-ல் வந்த சில்லு.

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
சரி, அப்படியானால் பயாஸைத் தொடாமல் விண்டோஸ் பவர் பிளானை மட்டும் ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். பேலன்ஸ்ட் பிளானில் ப்ராசஸர் வேகத்தின் குறைந்தபட்ச அளவு 5 சதவீதம், ஹை பெர்ஃபார்மன்ஸில் 100. கிளாக் கீழே இறங்காது, சும்மா இருக்கும் கோர்கள் தூங்குவது மட்டும் தொடரும்.

தறித் தம்பி, நீங்கள் ஃபைல் சுருக்கும் 7-ஜிப்பில் உள்ள பெஞ்ச்மார்க்கை (வேகச் சோதனை) பத்து நிமிடம் ஓடவிட்டு, சிபியு-இசட்டையும் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அம்மாபேட்டைத் தறி:
ஓடவிட்டேன் அண்ணா. முதலில் 3.4 வந்தது, சந்தோஷப்பட்டேன். மூன்று நிமிடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டியது, கிளாக் 2.1, 1.9 என்று ஏறி இறங்குகிறது. பெஞ்ச்மார்க் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
அதுதான் உங்கள் தவழல். வேலை நடக்கும்போதே இறங்குகிறது என்றால் அது சிக்கனம் இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸர் போடும் பிரேக். சிபியு-இசட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் பலர் குழம்பி ஸ்பீட்ஸ்டெப் மேல் பழி போடுகிறார்கள். ஸ்பீட்ஸ்டெப்பை அணைத்தால் இன்னும் சூடுதான் ஏறும். மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, ப்ராசஸர் மேல் இருக்கும் கூலரின் நான்கு மூலையையும் விரலால் தட்டிப் பாருங்கள்.

அம்மாபேட்டைத் தறி:
ஒரு மூலையில் கருப்பு பின் போர்டுக்குள் இறங்கவே இல்லை. கையை வைத்தாலே கூலர் ஆடுகிறது. ஃபேனுக்கு அடியில் பஞ்சு மெத்தை மாதிரி நூல் தூசி. ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து மண்ணாக உதிர்கிறது.

சேர்வராயன் ஒலி:
இந்தச் சூட்டை நான் யோசிக்கவில்லை. இங்கே 1,500 மீட்டர் உயரத்தில் மே மாதத்திலும் ஃபேன் அதிகம் சுற்றாது, சேலத்தில் அப்படி இல்லை. தம்பிக்கு பயாஸைத் தொட வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம் வருகிறேன். என் மெஷினில் நீங்கள் சொன்ன பவர் பிளானை வைத்து இன்றிரவு ஒரு மணி நேரம் பதிவு செய்கிறேன். ஒரு டிக் வந்தாலும் பழையபடி எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன்.

அம்மாபேட்டைத் தறி:
தூசி துடைத்து, புது பேஸ்ட் போட்டு, பின்னை "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். இருபது நிமிடம் ஓடியது. 3.4-ஐ விட்டு இறங்கவில்லை, சூடு 71. நிறுத்தியதும் 1596. கார்டு ஃபைல் மாற்றப் போகிறேன்.