மறுமொழி: ‘வூ ஷிங்’ – பஞ்சபூதம் பொருந்தாது, ‘ஐந்நடை’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சீன மருத்துவத்தின் அடிப்படைக் கருத்தான ‘வூ ஷிங்’குக்கு (‘வூ’ என்றால் ஐந்து), நம் சொற்பட்டியலுக்காக இந்த இழையில் இதுவரை பஞ்சபூதம், ஐந்து மூலகங்கள், ஐந்து நிலைகள், ஐம்போக்கு என்று நான்கு சொற்கள் வந்துள்ளன. நான் ‘ஐந்நடை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அந்த மருத்துவம் எந்த நோய்க்குப் பலன் தரும் என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஒரு மரபு தன்னை எப்படி விளங்கிக்கொண்டதோ அதைத் தமிழில் சிதையாமல் சொல்ல வேண்டும் என்பதே என் அக்கறை.

> பஞ்சபூதம் என்றால் எல்லோருக்கும் உடனே புரிகிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

உடனே புரிவது நம்முடைய பஞ்சபூதம்தான், அவர்களுடையது அல்ல. சீன ஐந்து என்பவை மரம், தீ, மண், உலோகம், நீர். நம் ஐந்தில் உள்ள காற்றும் வானும் அங்கே இல்லை. அங்குள்ள மரமும் உலோகமும் இங்கே இல்லை. இந்த இடைவெளியை மூடுவதற்காக, தமிழில் அக்குபங்சர் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் உலோகத்தைக் ‘காற்று’ ஆக்கிவிடுகிறார்கள், மரத்தை ‘ஆகாயம்’ ஆக்கிவிடுகிறார்கள். நுரையீரல் உலோகத்துக்கு உரியது, நுரையீரல் மூச்சு வாங்குவது, ஆகவே காற்று என்று நினைத்திருக்கலாம். ஆனால் சீன மருத்துவத்தின் பழைய அடிப்படை நூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’கின் ‘சூ வென்’ பகுதியைத் திறந்தால் காற்று மரத்தோடுதான் நிற்கிறது. கிழக்கு, வசந்தம், காற்று, மரம், புளிப்பு, கல்லீரல், சினம் எல்லாம் ஒரே வரிசை. உலோகத்தின் வரிசையில் மேற்கு, இலையுதிர்காலம், வறட்சி, கார்ப்பு, நுரையீரல், துயரம். உலோகத்தைக் காற்று என்று படித்த மாணவர், அடுத்த பக்கத்திலேயே காற்றால் வரும் நோய் மரத்துக்கும் கல்லீரலுக்கும் உரியது என்று படிக்க நேர்கிறது. அவர் குழம்பினால் அது அவர் பிழை அல்ல, நாம் கொடுத்த சொல்லின் பிழை.

பெயர்கள் பொருந்தாதது சின்ன விஷயம். கேள்வியே வேறு. பூதம் என்பது ஒரு பொருள் எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடை. ஐந்து பூதங்களும் ஒன்றோடொன்று கலப்பதைச் சொல்லும் பஞ்சீகரணத்தை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு தூல பூதத்திலும் பாதி அதுவே, மற்ற நான்கும் அரைக்கால் பங்கு வீதம் கலந்தவை. சித்த மருத்துவத்திலும் ஒவ்வொரு சுவையும் இரண்டு பூதங்களின் கூட்டு. கலப்பும் பங்கும்தான் அங்கே கணக்கு. வூ ஷிங்கில் இந்தக் கணக்கே கிடையாது. இதில் மரம் இத்தனை பங்கு, நீர் இத்தனை பங்கு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. எது எதை ஈனுகிறது, எது எதை அடக்குகிறது என்றுதான் பேச்சு.

இதற்கு மிகப் பழைய சான்று ‘ஷாங் ஷூ’ என்ற பழஞ்சீன ஆவணத் தொகுப்பில் உள்ள ‘ஹொங் ஃபான்’ என்ற இயல். ஐந்தையும் அது எப்படி அறிமுகம் செய்கிறது பாருங்கள்: நீர் நனைத்துக் கீழே இறங்கும், தீ எரிந்து மேலே எழும், மரம் வளையும் நிமிரும், உலோகம் இணங்கி உருமாறும், மண்ணில் விதைப்பும் அறுப்பும் நடக்கும். எல்லாமே வினைச்சொற்கள். நீர் என்ன பொருள் என்று அது சொல்லவில்லை, நீர் என்ன செய்யும் என்று சொல்கிறது. ‘ஷிங்’ என்ற சொல்லுக்கே நடத்தல், செல்லுதல், ஒழுகுதல் என்றுதான் பொருள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்குள் நிலைபெறுவதற்கு முன்பே இந்தக் கருத்து அரசியலில் பெரிதாகப் பேசப்பட்டது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ட்சோ யென் என்ற சிந்தனையாளர், ஓர் அரச மரபை அடுத்த மரபு வெல்வதை இந்த ஐந்தின் வரிசையால் விளக்கினார். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் பேரரசு, முந்தைய சௌ மரபின் தீயைத் தான் நீராக அடக்கியதாகக் கருதி, கறுப்பைத் தன் நிறமாகவும் ஆறைத் தன் எண்ணாகவும் எடுத்துக்கொண்டது. ஒரு பேரரசு நீரால் ஆனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீரின் நடையில் நடக்கிறது என்று சொல்லலாம்.

இந்தியக் கருத்தும் சீனக் கருத்தும் நேராகச் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. பௌத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர்கள் மகாபூதங்கள் என்ற சொல்லைக் கண்டபோது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ‘ஷிங்’கை எடுக்கவில்லை. ‘ஸி தா’, அதாவது நான்கு பெரியவை என்று புதிதாக ஆக்கிக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் காட்டிய கவனத்தை நாமும் காட்டலாமே. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீனம் போன இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி கிரேக்கரின் நான்கு மூலப்பொருள்களுக்கு அதே ‘ஷிங்’கைச் சேர்த்துச் சொல் ஆக்கினார், ஐந்து என்பது தவறு, நான்குதான் என்றும் வாதிட்டார். பொருளையும் போக்கையும் ஒன்றாக நினைத்தால் அப்படி ஒரு வாதம் எழத்தான் செய்யும்.

சரி, மற்ற சொற்களுக்கு வருகிறேன்.

‘மூலகம்’ இலங்கைப் பாடநூல்களில் வேதியியல் சொல், தமிழ்நாட்டில் நாம் தனிமம் என்பது. ஆகவே பூதத்துக்குச் சொன்ன மறுப்பு இதற்கும் பொருந்தும். ‘நிலை’ பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது நில் என்ற வேரிலிருந்து வருகிறது. நடப்பதைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு நிற்பதைக் குறிக்கும் சொல்லை வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

‘ஐம்போக்கு’ பொருளில் மிக நெருங்கி வருகிறது. சொன்ன ஐயாவின் சிந்தனை சரியானது. மருத்துவச் சொல்லாக இல்லாமல் இருந்தால் நானே கைதூக்கியிருப்பேன். வயிற்றுப்போக்கும் இரத்தப்போக்கும் இருக்கிற துறையில் ‘நீர்ப்போக்கு’ என்று எழுதினால் நோயாளியும் மருத்துவரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொள்வார்கள். ‘இயக்கம்’ என்பதையும் யோசித்தேன். நீரியக்கம் என்றால் பொறியியல் மாணவருக்கு வேறு நினைவு வரும்.

> சங்க மரபின் திணையை எடுத்துக்கொள்ளலாமே? முதற்பொருள், கருப்பொருள் எல்லாம் அப்படியே ஒத்துப்போகிறதே.

இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு திணைக்கு நிலம், பொழுது, பூ, புள், பறை, உணர்வு என்று வரிசையாகச் சேர்ப்பதுபோலவே அங்கே ஒவ்வொன்றுக்கும் திசை, பருவம், நிறம், சுவை, உறுப்பு, உணர்ச்சி என்று சேர்க்கிறார்கள். வரிசை சேர்க்கும் முறையைத் தமிழ் மாணவருக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி இல்லை. ஆனாலும் கலைச்சொல்லாக வேண்டாம். குறிஞ்சி முல்லையை ஈனுவதில்லை, மருதம் நெய்தலை அடக்குவதும் இல்லை. வூ ஷிங்கின் உயிர் அந்த உறவில்தான் இருக்கிறது.

அந்த உறவுகளையும் சொல்லிவிடுகிறேன். மரம் தீயை ஈனும், தீ மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மரத்தை. இதை ‘ஈனும் சுற்று’ எனலாம். மரம் மண்ணை அடக்கும், மண் நீரை, நீர் தீயை, தீ உலோகத்தை, உலோகம் மரத்தை. இது ‘அடக்கும் சுற்று’. வினா விடையாக அமைந்த ‘நான் ஜிங்’ என்ற பழஞ்சீன மருத்துவ நூலின் அறுபத்தொன்பதாம் வினாவில் ஒரு சிகிச்சை விதி வருகிறது: குறைந்திருந்தால் தாயை நிரப்பு, மிகுந்திருந்தால் சேயை வடி. தாய், சேய் என்று மூலத்திலேயே இருப்பதால் ‘ஈனல்’ இயல்பாக உட்காருகிறது. கல்லீரலில் நோயைக் கண்டால் அது மண்ணீரலுக்குப் போகும் என்று அறிந்து முதலில் மண்ணீரலை வலுப்படுத்து என்ற விதியும் உண்டு. ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் நூலில் இது இருக்கிறது. கல்லீரல் மரம், மண்ணீரல் மண், மரம் மண்ணை அடக்கும். ‘மரபூதம் மண்பூதத்தைத் தாக்குகிறது’ என்று இதை எழுதினால் பேய்க்கதை போலாகிவிடும். ‘மரநடை மிகுந்து மண்நடையை அடக்குகிறது’ என்று எழுதும்போது பொருள் தெளிகிறது.

நடை என்ற சொல்லில் செல்லுதலும் உண்டு, ஒழுகும் முறையும் உண்டு. நன்னடை, நடத்தை, நடைமுறை எல்லாம் அதிலிருந்து வந்தவைதாம். ‘ஷிங்’கிலும் இந்த இரண்டு பொருளும் இருக்கின்றன. ஐந்து நூறு ஐந்நூறு ஆவதுபோல் ஐந்து நடை ஐந்நடை ஆகும்.

உலோகத்துக்குப் ‘பொன்’னைப் பரிந்துரைக்கிறேன். சீனத்தின் ‘ஜின்’ பொதுவாக உலோகத்தையும் தனியாகத் தங்கத்தையும் குறிக்கும். நம் பொன்னும் அப்படித்தான், ஐம்பொன் என்பதில் ஐந்து உலோகங்களும் பொன்தானே. பாடநூலுக்கு உலோகமே எளிது என்று ஆசிரியர்கள் கருதினால் எனக்கு மறுப்பில்லை.

சீன மருத்துவம் உயிராற்றலைக் குறிக்கும் ‘சீ’ என்ற சொல்லைப் பிராணன் என்பதா, அப்படியே விடுவதா என்ற கேள்வியைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம், இதோடு கலக்க வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கலுக்கு இலக்கணம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும். மரநடை, தீநடை, நீர்நடை மூன்றும் சிக்கலில்லை. மண்ணும் பொன்னும் புணர்ந்தால் மண்ணடை, பொன்னடை என்றாகி, அடை என்ற வேறு சொல்போல் தெரிகிறது. பட்டியலில் ‘மண் நடை’, ‘பொன் நடை’ என்று பிரித்தே அச்சிடலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சொற்பட்டியலில் சேர்க்கிறேன்.